ஜான் டால்டன்: இறந்த பிறகு தன் கண்ணை ஆராயச் சொன்ன விஞ்ஞானி.. 150 ஆண்டுகள் கழித்து கிடைத்த விடை!

பள்ளியில் படித்த டால்டனின் அணுக்கொள்கை ஞாபகம் இருக்கிறதா? அதே டால்டன்தான். அணுவைப் பற்றி உலகத்துக்கே சொன்னவருக்கு, தன் கண்ணில் என்ன கோளாறு என்று கடைசி வரை தெரியாமலே போய்விட்டது.

1766-ல் இங்கிலாந்தின் ஈகிள்ஸ்ஃபீல்ட் கிராமத்தில், ஏழை நெசவாளர் வீட்டில் பிறந்தவர் ஜான் டால்டன். 12 வயதிலேயே பள்ளி நடத்தி மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் தெரிய வந்தது 1792-ல், ஒரு ஜெரேனியம் பூவால். எல்லோருக்கும் ரோஸ் நிறமாகத் தெரிந்த அந்தப் பூ, பகலில் அவருக்கு நீலமாகத் தெரிந்தது. ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்பு! நண்பர்களிடம் கேட்டார். யாருக்கும் அப்படித் தெரியவில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவர் டால்டனின் சொந்த அண்ணன்.

1794-ல் மான்செஸ்டரில் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வாசித்தார். நிறக்குருடு பற்றிய முதல் முக்கியமான அறிவியல் கட்டுரை அது. கண்ணுக்குள் இருக்கும் திரவம் தனக்கு நீலமாக இருக்க வேண்டும், அதுதான் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் உயிரோடு இருக்கும்போது சோதிக்க முடியாதே! அதனால் இறந்த பிறகு கண்களை எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

இடையில் ஒரு வேடிக்கை. டால்டன் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். பளிச்சென்ற நிறத்தில் உடை போடுவது அவர்களுக்கு ஆகாது. ஆனால் 1834-ல் மன்னரைச் சந்திக்க, ஆக்ஸ்ஃபோர்டு கொடுத்த டாக்டர் பட்டத்துக்கான கருஞ்சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு போனார். மற்றவர்கள் கண்ணுக்குத்தான் அது சிவப்பு, அவருக்கு இல்லையே!

1844 ஜூலை 27-ல் டால்டன் காலமானார். சொன்னபடியே டாக்டர் ஒரு கண்ணை அறுத்துப் பார்த்தார். திரவம் நீலமாக இல்லை, தெளிவாகவே இருந்தது. இன்னொரு கண்ணின் பின்பக்கம் துளை போட்டு, அதன் வழியாகவும் பார்த்தார். சிவப்பும் பச்சையும் சரியாகவே தெரிந்தன. டால்டனின் கணிப்பு தவறு.

ஆனால் அந்தக் கண்களை யாரும் தூக்கிப் போடவில்லை. மான்செஸ்டரில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதிலிருந்து துளி திசு எடுத்து டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். 1995-ல் முடிவு வெளியானது. பச்சை ஒளியை உணரும் கூம்பு செல்லுக்கான மரபணு அவரிடம் இல்லவே இல்லை.

சிவப்பு, பச்சை மரபணுக்கள் இரண்டுமே எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஸ்பேர் கிடையாது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறை உண்டு, பெண்களில் 0.5 சதவீதம்தான். ஹீமோபிலியா நோயும் இதே வழியில்தான் வருகிறது.

மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய் மட்டும், எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து. அப்படிப் பார்த்தால் டால்டனுக்கும் அண்ணனுக்கும் இது வந்தது அம்மா வழியாகத்தான். அந்த அம்மாவுக்குப் பூக்களின் நிறம் ஒழுங்காகவே தெரிந்திருக்கலாம். குறையுள்ள எக்ஸ் ஒவ்வொரு மகனுக்கும் போக 50 சதவீத வாய்ப்பு. அந்த வீட்டில் அண்ணன், தம்பி இருவருக்குமே போய்ச் சேர்ந்துவிட்டது.