நெல்லைச் சீமையின் வண்டிக்காரர்: டி.வி. சுந்தரம் ஐயங்கார்



நம் கீழ்த்தளத்துப் பார்க்கிங்கில் விலை கூடிய கார்கள் சில இப்போது நிற்கின்றன. அவற்றில் ஒன்று உங்களுடையதாக இருந்தால், டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததும் வயிற்றைக் கலக்குவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வகைக் கார்களுக்குச் சங்கரன்கோவிலில் கம்பெனி சர்வீஸ் சென்டர் கிடையாது. வெளியூருக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அங்கே கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, ஸ்பேர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கார் வராது, மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.

இது நம் காலத்துத் தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நூறு வருடங்களுக்கு முன் நம் பக்கத்தில் ஓடிய மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் கடல் தாண்டி வந்ததுதான். அன்றைய கணக்கில் எல்லாமே ஆடம்பர வண்டிதான். நடுவழியில் நின்றுவிட்டால் மாட்டைக் கட்டித்தான் இழுத்து வர வேண்டும். அந்த நாளில், வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வதையே தொழிலாக எடுத்துக்கொண்ட ஒருவர் நம் நெல்லைச் சீமையிலிருந்தே கிளம்பினார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தை நீங்கள் மொபெட்டிலும் பைக்கிலும் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்துகளுக்குரிய மனிதர் திருக்குறுங்குடி வெங்காராம் சுந்தரம் ஐயங்கார்.

அவர் பிறந்தது 1877 மார்ச் 22. ஊர், நம்பி கோயிலும் மேற்கு மலையும் சேர்ந்து நிற்கும் திருக்குறுங்குடி. சட்டம் படித்து வக்கீல் தொழிலில் சேர்ந்தார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதையும் விட்டு வங்கியில் வேலை பார்த்தார். இன்றைக்கு ஒரு பையன் இப்படி மூன்று வேலை மாறினால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அவருடைய பிற்காலத் தொழிலைப் பார்க்கும்போது, அந்த மூன்று இடங்களிலும் கற்றது எதுவும் வீணாகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. முக்கியமாக ரயில்வே. ஆள் வந்தாலும் வராவிட்டாலும், குறித்த நேரத்துக்கு வண்டி கிளம்பியாக வேண்டும் என்ற எண்ணம் சாலைக்கு வந்தது அங்கிருந்துதான் இருக்க வேண்டும்.

1912 வாக்கில் அவர் பஸ் தொழிலில் இறங்கினார். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானத்தின் தலைநகர்; ரயில் இன்னும் எட்டிப் பார்க்காத ஊர். மாட்டு வண்டியை விட்டால் வேறு கதியில்லாத சனங்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவர் விற்றது வசதியை மட்டுமா? கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவருக்கு, பத்து மணிக்கு அங்கே இருப்போம் என்ற உறுதி வேண்டும். பத்தில் இரண்டு நாள் வண்டி வழியில் படுத்துவிட்டால், மீதி எட்டு நாளும் அவர் மாட்டு வண்டியைத்தான் நம்புவார். வண்டி வேகமாகப் போவதைவிட, போய்ச் சேருவதுதான் அந்தத் தொழிலின் உயிர். இதைப் புரிந்துகொண்டதால்தான் அவர் நிலைத்தார்.

பிறகு மதுரை அவருடைய தலைமையிடமானது. மேலவெளி வீதியில் டி.வி.எஸ். கட்டடத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். பின்னாளில் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடிய அவருடைய பஸ்களைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் இருக்கட்டும். ஒரு பஸ் கம்பெனியைப் பற்றி அப்படிக் கூட்டிச் சொல்ல ஆள் இருப்பதே பெரிய விஷயம்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது காந்த வண்டி. அந்நாளில் சாலை முழுக்க மாட்டு வண்டிகள். மாட்டுக் குளம்பில் அடித்த லாடத்தின் ஆணிகள் கழன்று வழியெல்லாம் கிடக்கும். பஸ் டயரில் ஏறினால் பஞ்சர். டயர் வாங்குவதும் அன்று லேசுப்பட்ட செலவில்லை. ஒவ்வொரு பஞ்சரையும் ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, காந்தம் பொருத்திய ஒரு வண்டியை முன்னால் ஓடவிட்டுச் சாலையிலிருந்த ஆணிகளைப் பொறுக்கி எடுக்கச் செய்தார்களாம். ரிப்பேர் என்பது கெட்ட பிறகு செய்யும் வேலை என்று நாம் நினைக்கிறோம். அவர் அதைப் பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே, அதுவும் பஸ்ஸுக்கு வெளியே, ரோட்டிலேயே செய்திருக்கிறார்.

இங்கிலாந்திலும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே கவலை இருந்தது. 1907-ல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி தன் சில்வர் கோஸ்ட் காரை ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் 15,000 மைல் ஓட்டிக் காட்டியது. ஓட்டம் முடிந்ததும் காரைப் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றிப் புதிதுபோல் ஆக்கினார்கள். மாற்றிய பாகங்களுக்கு ஆன செலவு இரண்டு பவுண்டும் சில்லறையும்தான். உலகத்தின் மிகச் சிறந்த கார் என்று அது பெயர் வாங்கியதில் சீட்டின் தோலையும் பித்தளை விளக்கையும்விட இந்த ரிப்பேர் பில்லுக்குப் பங்கு அதிகம். நாம் ஷோரூமுக்குப் போனால் சன்ரூஃபைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்கிறோம். ஐந்து வருட ரிப்பேர் பில் எவ்வளவு ஆகும் என்று எத்தனை பேர் கேட்டோம்?

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன், டயருக்கும் பாகங்களுக்கும் தட்டுப்பாடு. வண்டி நல்ல நிலையில் இருந்தும் ஓட்ட வழியில்லை. அப்போது சுந்தரம் ஐயங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியை உருவாக்கித் தயாரித்தார். விஷயம் இதுதான்: அடுப்புக்கரியை முழுதாக எரியவிடாமல், கொஞ்சமாகக் காற்று கொடுத்துக் கனலவிட்டால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதை வடிகட்டி, ஆறவைத்து, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமலே ஓடும். கேட்க எளிது. ஓட்டியவர்களுக்குத்தான் பாடு தெரியும். காலையில் அடுப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டும், இழுவை குறையும், மேட்டில் திணறும், சாம்பல் வந்து அடைக்கும். வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் எஞ்சினே தேய்ந்துபோகும். ஆனாலும் பஸ் ஓடியது.

டயருக்கும் ஒரு வழி கண்டார். மேலே பட்டன் தேய்ந்தாலும் டயரின் உடல் நன்றாக இருந்தால், தேய்ந்த பரப்பைச் சுரண்டிப் புது ரப்பரை வைத்துச் சூட்டில் ஒட்டவைக்கும் ரீட்ரேடிங் தொழிற்சாலையை நிறுவினார்.

வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். மனைவி லட்சுமி அம்மாள். ஐந்து மகன்கள், மூன்று மகள்கள். மகள் சௌந்தரம் இளவயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்து ஆசாரக் குடும்பத்தில் அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு என்ன வாழ்க்கை இருந்திருக்கும் என்று உங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சௌந்தரமோ டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்து டாக்டரானார். 1940-ல் காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மணந்தபோது பெற்றோருக்கு அதில் சம்மதமில்லை. பின்னாளில் அந்தத் தம்பதி தொடங்கியதுதான் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமம். இயந்திரத்தில் புதுமையை உடனே ஏற்ற மனிதருக்கு வீட்டில் எல்லாப் புதுமையும் அத்தனை சுலபமாக இருக்கவில்லை.

சுந்தரம் ஐயங்காரின் இன்னொரு நிறுவனமான சுந்தரம் மோட்டார்ஸ், 1950-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய விநியோகஸ்தராக இருந்தது. அந்த அமெரிக்கக் கம்பெனி 1928 முதல் பம்பாயில் வண்டிகளைக் கோத்து விற்றுவந்தது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்ய வேண்டும் என்று அரசு கொள்கை வகுத்ததும், 1954-ல் பம்பாய் ஆலையை மூடிவிட்டுப் போனது. அதன் கார்களை ஆசையாக வாங்கி வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். நீங்கள் இன்று ஒரு சென்சாருக்காகக் காத்திருப்பது அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கார் செய்த கம்பெனியே நாட்டை விட்டுப் போய்விட்டது. கார் மட்டும் கொட்டகையில் நின்றது.

அதற்கடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28-ல், கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். வயது 78.

கை கொடுக்கக் கம்பெனி இல்லாத அந்த நிலைமைக்கு மகன்கள் கண்ட பதில், பாகங்களை இங்கேயே செய்வது. வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து, 1960-ல் சக்கரங்களுக்கு வீல்ஸ் இந்தியா, 1961-ல் மின்சாரப் பாகங்களுக்கு லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் என்று சென்னை பாடிப் பகுதியில் ஆலைகள் வரிசையாக எழுந்தன. மதுரையில் ஓடிய பஸ்களை 1972-ல் அரசு எடுத்துக்கொண்டது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அதிலிருந்து பிறந்தது. பஸ் போனாலும் பாகம் செய்யும் தொழில் நின்றது.

ஓடாமல் போர்வை போர்த்தி நிற்கும் கார்தான் சீக்கிரம் கெடும் என்பதை நம் பார்க்கிங்கிலேயே பார்க்கலாம். பேட்டரி இறங்கும், ஒரே இடத்தில் நின்ற டயர் அமுங்கும், எலி வயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறையாவது கோயில் ரத வீதி தாண்டிக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் தொடுங்கள். சின்னப் பொருள்தான், ஆனால் அது அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தாவிட்டால் எத்தனை லட்ச ரூபாய்க் காராக இருந்தாலும் தண்ணீர் கொதித்து நடுவழியில் நின்றுவிடும். சுந்தரம் ஐயங்காரின் குடும்பத்தாருடைய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் செய்த அந்த மூடியை 1990-களில் வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒன்று வாங்கத் தொடங்கியது. அது ஜெனரல் மோட்டார்ஸ்.