விசுக்கோத்தின் ஈரத்தில் விதி கண்ட கெல்வின்

மாரிகாலத்தில் தண்ணீரூற்றுப் பக்கம் பேணியைத் திறந்து வைத்தால் விசுக்கோத்து நமத்துவிடும். இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் நிவாரண மாவைப் பாதுகாத்த தாய்மாருக்கு, மழை படாமலே மா ஈரம் இழுப்பது புதுச் செய்தியல்ல. அந்த ஈரத்தை ஒரு பௌதிகவியல் விதியோடு இணைத்து 1870இல் எழுதியவர் வில்லியம் தொம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர்.

1824 ஜூன் 26இல் பெல்பாஸ்டில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். கணித ஆசிரியரான தந்தை, 1832இல் பிள்ளைகளோடு கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். பத்து வயதிலேயே பல்கலைக்கழக வகுப்புகளில் அமர்ந்த தொம்சன், 22 வயதில் அங்கேயே பேராசிரியரானார். 53 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். தனிவெப்பநிலை அளவுத்திட்டத்தை 1848இல் முன்வைத்தார்.

1860ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பனித்தரையில் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் கால் தாங்கியே நடந்தார். அந்தக் காலோடுதான் 1865இலும் 1866இலும் அத்திலாந்திக் கடலில் தந்திக் கம்பி பதிக்கும் கப்பலில் ஏறினார். 1866இல் கம்பி கரை சேர்ந்தது. சேர் பட்டமும் கிடைத்தது.

கடலைக் கடந்த அதே மனிதர் ஒரு நீர்த்துளியின் வளைவையும் விட்டுவைக்கவில்லை. தட்டையான நீர்ப்பரப்பில் உள்ள மூலக்கூறை அயல் மூலக்கூறுகள் இழுத்துப் பிடித்திருக்கும். சிறு துளியின் மேற்பரப்பு வெளிப்புறமாக வளைந்திருப்பதால் அங்கே அயலவர் குறைவு. பிடி தளர்கிறது, ஆவியமுக்கம் கூடுகிறது. நுண்துளைக்குள் இருக்கும் நீரோ உட்குழிந்து நிற்கும். அயலவர் கூடுவதால் பிடி இறுகும். காற்று நிரம்பலடைய முன்னரே ஈரம் ஒடுங்கிவிடும். பருத்தித் துணியையும் ஓட்ஸ் மாவையும் விசுக்கோத்தையும் அவர் உதாரணம் காட்டினார். மாப்பொருள் தானாகவே நீரை ஈர்ப்பதற்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பது பின்னர் தெளிவானது. ஆனால் வளைவு பற்றிய விதி நிலைத்தது.

அந்த ஆண்டு அவருக்கு எளிதாக இருக்கவில்லை. நெடுங்காலம் நோயுற்றிருந்த மனைவி மார்கரெட் 1870 ஜூனில் இறந்தார்.

அவருடைய சமன்பாட்டின்படி, 10 நானோமீற்றர் ஆரையுள்ள நீர்த்துளியின் ஆவியமுக்கம் தட்டையான பரப்பைவிட ஏறத்தாழ 11 வீதம் அதிகம். 1 நானோமீற்றரில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதனால் மிகச் சிறிய துளி பிறந்த உடனேயே ஆவியாகிவிடும். அது தனித்து நிலைக்காது, பற்றிக்கொள்ள ஒரு துணை வேண்டும். ஸ்கொட்லாந்தின் ஜோன் எய்ட்கென் 1880களில் செய்த சோதனைகள், தூசியே மூடுபனிக்கு அந்தத் துணை என்று காட்டின. முல்லைத்தீவுக் கடலிலிருந்து காற்று அள்ளிவரும் உப்புத் துணிக்கைகளும் மேகத்துக்கு அப்படித்தான் வித்தாகின்றன.

உருகுதலும் இதே வழிதான். தங்கம் 1064 பாகை செல்சியசில் உருகும். இரண்டு மூன்று நானோமீற்றர் அளவான தங்கத் துணிக்கை அதற்குப் பல நூறு பாகை கீழேயே உருகிவிடுகிறது. இதைக் கண்டவர்கள் பிற்காலத்து ஆய்வாளர்கள்.

பூமியின் வயதைக் கணிப்பதில் கெல்வின் தவறினார். உண்மையான வயதை அவர் கணக்கு எட்டவேயில்லை. 1907 டிசம்பர் 17இல் காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டனுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். வன்னியில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வெப்பநிலையின் அலகாக இன்றும் அவர் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.