தேக்வாண்டோ தந்த தளபதி சோய் ஹோங் ஹி



சனிக்கிழமை காலையில் நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் வந்தால் ஒரு சத்தம் உங்கள் காதில் விழும். மேசை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெள்ளை உடுப்பில் பிள்ளைங்க வரிசையாக நிற்பார்கள். ஹனா, துல், செத், நெத் என்று ஒரே குரலில் சொல்லிக் கையைக் குத்துவார்கள், காலை வீசுவார்கள். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் என்னிடம் வந்து, இது என்ன மந்திரம் வாத்தியாரே என்று கவலையோடு கேட்டார். மந்திரம் இல்லை பாட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுதான், கொரிய மொழியிலே சொல்றாங்க என்றேன். நம்ம பிள்ளை எதுக்கு அந்த மொழியிலே எண்ணணும் என்று அடுத்த கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அந்த மனிதர் நம் கோலாலம்பூரில் குடியிருந்தவர் என்பதால் இந்த மலரில் எழுதத் துணிந்தேன்.

அவர் பெயர் சோய் ஹோங் ஹி. 1918ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கொரியாவின் வடகிழக்கில் மியோங்சோன் வட்டாரத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று வட கொரியாவில் இருக்கிறது. பிறக்கும்போதே நோஞ்சான் பிள்ளை. வளர்ந்த பிறகும் ஆள் குள்ளம்தான். தகப்பனார் அவரை எழுத்துக்கலை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் அனுப்பினார். தூரிகையால் அழகாக எழுதுவது அங்கே ஒரு பெரிய கலை. பையனின் உடம்பைப் பார்த்த ஆசிரியர், எழுத்தோடு சேர்த்து தேக்கியோன் என்ற பழைய கால்வித்தையையும் சொல்லிக் கொடுத்தாராம். இதைச் சோய் அவர்களே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் கொரியா சொந்த நாடாக இல்லை. 1910இல் ஜப்பான் அதை விழுங்கிவிட்டது. கொஞ்ச நாளில் பள்ளிகளில் ஜப்பானிய மொழி முதலிடம் பிடித்தது. 1938க்குப் பிறகு கொரிய மொழிப் பாடமே படிப்படியாக வகுப்பறையை விட்டுப் போயிற்று. 1940இல் மக்கள் தங்கள் குடும்பப் பெயர்களை ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நெருக்கினார்கள். பெற்றோர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போய்த் தன் பெயரைச் சொல்லக் கூடாது, தன் மொழியில் எண்ணக் கூடாது என்றால் நம் மனம் என்ன பாடுபடும்?

இளைஞர் சோய் படிப்பதற்காகப் போன இடமும் ஜப்பான்தான். அங்கே கராத்தே கற்றுக் கருப்புப் பட்டை வாங்கினார். இதை மறைக்கத் தேவையில்லை. பிற்காலத்தில் தேக்வாண்டோ முழுக்க முழுக்க ஈராயிரம் ஆண்டுப் பழைய கொரியக் கலை என்று சிலர் பெருமை பேசினார்கள். குத்தும் தடுப்பும் பலவும் கராத்தேயிலிருந்து வந்தவை என்பது பார்த்தாலே தெரியும். பகைவன் வீட்டில் கற்ற வித்தையை வைத்துத் தன் வீட்டைக் கட்டினார் என்று சொல்வதுதான் சரி.

பிறகு போர் வந்தது. நம் தாத்தாமார்களைத் தோட்டம் தோட்டமாகப் பிடித்துச் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோன அதே ஜப்பானியப் படை, கொரிய மாணவர்களைப் பிடித்துத் தன் பட்டாளத்தில் சேர்த்தது. சோயும் சிக்கினார். பியோங்யாங் நகரப் படைமுகாமில் இருந்தபோது, கொரிய மாணவப் படைவீரர்களின் விடுதலைச் சதியில் பங்கு கொண்டார் என்று சிறையில் தள்ளினார்கள். அங்கேயும் அவர் பயிற்சியை விடவில்லை. தனியாகத் தொடங்கியதைக் கொஞ்ச நாளில் மற்றக் கைதிகளும் சேர்ந்து செய்தார்களாம். 1945 ஆகஸ்ட் 18ஆம் நாள் தமக்கு மரண தண்டனை நிறைவேற்றுவதாக இருந்தது என்று அவர் எழுதியுள்ளார். ஆகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. நடுவே மூன்றே நாள்.

1946 தொடக்கத்தில் புதிய கொரியப் படையில் இளநிலை அதிகாரியானார். தம் வீரர்களுக்குக் கைகால் வித்தையைக் கற்பிக்கலானார். கொரியப் போர்க் காலத்திலேயே ஜெனரல் பதவிக்கு உயர்ந்தார். 1954இல் அதிபர் சிங்மன் ரீ முன்னிலையில் அவருடைய வீரர்கள் வித்தை காட்டினார்கள். நாம் தே ஹி என்பவர் ஒரே குத்தில் 13 கூரை ஓடுகளை உடைத்தார். அதிபர் அசந்துபோய், இது நம் பழைய தேக்கியோன் அல்லவா என்று மகிழ்ந்தாராம். அப்படியானால் கொரியப் பெயர் ஒன்று வேண்டுமே! 1955 ஏப்ரல் 11ஆம் நாள் கூடிய கூட்டத்தில் சோய் முன்மொழிந்த பெயர்தான் தேக்வாண்டோ. தே என்றால் காலால் உதைப்பது. குவோன் என்றால் முட்டி மடக்கிய கை. தோ என்றால் வழி, அதாவது வாழும் நெறி.

இந்தக் கலையை அவர் ஒருவரே உண்டாக்கினார் என்று நான் சொல்லவில்லை. சியோல் நகரில் வேறு ஆசான்களும் பயிற்சிக்கூடங்கள் வைத்து உழைத்தார்கள். ஆனால் பெயரும், சொற்களும், ஒழுங்கும் பெரும்பாலும் இவர் கைவண்ணம். பயிற்சிக்கூடம் தோஜாங், உடுப்பு தோபோக், ஆசான் சாபும். சாரியோத் என்றால் நேராக நில், கியோங்யே என்றால் வணங்கு, சிஜாக் என்றால் தொடங்கு. சாகி உதை, ஜிருகி குத்து, மக்கி தடுப்பு, சோகி நிற்கும் நிலை. ஆப் சாகி முன்னுதை, யோப் சாகி பக்கவுதை. பாதத்தின் வெளி விளிம்புக்குப் பல்கல் என்று பெயர். பல் என்றால் பாதம், கல் என்றால் கத்தி, ஆகக் காலின் கத்தி. நம் பசங்க பல்லையும் கல்லையும் சேர்த்து நினைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அப்பா என்றால் கொரிய மொழியிலும் அப்பாதான், அதையும் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

உடல்பலம் குறைந்தவன் பலசாலியை எப்படித் தடுப்பது? குள்ளமான சோய்க்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. ஒரு கை குத்தும்போது மறு கையை இடுப்புக்கு வேகமாக இழுக்கச் சொன்னார். மூச்சை அடி விழும் நொடியில் சட்டென்று வெளியே விடச் சொன்னார். உடம்பு முழுவதும் அந்த ஒரு நொடியில் ஒரு சிறு புள்ளியில் சேர வேண்டும். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீளக் கழியில் கட்டிய அரிவாளை வெறும் கையால் இழுப்பவன் பத்து மரத்தில் சோர்ந்துபோவான். காலை ஊன்றி இடுப்போடு இழுப்பவன் நாளெல்லாம் வெட்டுவான். அதேதாங்க இதுவும்.

நெறிக்கு ஐந்து சொல் வைத்தார். யேயி மரியாதை, யோம்சி மானம், இன்னே விடாமுயற்சி, குக்கி தன்னடக்கம், பெக்ஜுல் புல்குல் எத்தனை அடி விழுந்தாலும் வளையாத நெஞ்சம். தற்காப்புக்கு ஹோசின்சுல் என்று பெயர். வம்புக்குப் போவதற்கு அதில் இடமே இல்லை. லயத்துக்குப் பின்னால் சண்டை போட இதைப் பயன்படுத்தலாம் என்று எந்தப் பையனாவது நினைத்தால், அவன் இன்னும் வெள்ளைப் பட்டையைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாதவன்.

நிற்க. 1962இல் அவர் மலாயாவுக்குத் தென் கொரியத் தூதராக வந்தார். உள்நாட்டு அரசியலில் அவரை ஒதுக்கிவைக்கவே வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள் என்பாரும் உண்டு. வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1963இல் இங்கே தேக்வாண்டோ சங்கம் எழுந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் விரும்பியபடி மெர்டேக்கா அரங்கத்தில் இக்கலையைச் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு சிங்கப்பூரிலும் சங்கம் ஏற்பட்டது. தூல் எனப்படும் அசைவுத் தொடர்கள் பல உருவானதும் இந்த மண்ணில்தான். கிம் போக் மான் போன்ற கொரிய ஆசான்கள் அவருக்குத் துணை நின்றார்கள்.

அந்தத் தூல்களைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மொத்தம் 24, ஒரு நாளின் 24 மணி நேரத்தைப் போல. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொரியப் பெயர், பெரும்பாலும் நாட்டுக்கு உழைத்தவர் பெயர். முதலாவது சோன்ஜி, வானும் மண்ணும், 19 அசைவுகள். ஜூங்குன் 32 அசைவுகள். ஜப்பானியத் தலைவர் இத்தோவை 1909இல் சுட்டு, மறு ஆண்டு தண்டனையில் உயிர்விட்ட ஆன் ஜூங்குன் அவர்களின் வயது, கொரியக் கணக்கில் 32. சுங்மு என்பது ஆமைக் கப்பலால் ஜப்பானியக் கடற்படையை விரட்டிய தளபதி யி சூன் சின்னின் பட்டப்பெயர். அவர் 1598இல் போரில் மாண்டார். முழுப்பலனும் காட்டுமுன் போய்விட்டாரே என்ற ஏக்கத்துக்காக அத்தூல் இடக்கைத் தாக்குதலோடு முடிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது தோசான். 24 அசைவுகள். அது ஆன் சாங் ஹோ என்ற கல்வியாளரின் புனைபெயர். பள்ளிகள் திறந்தார், சிறைப்பட்டு உடல் நலிந்து 1938இல் இறந்தார். தம் வாழ்நாள் முழுவதையும் நாட்டின் கல்விக்குக் கொடுத்தவர் என்பது பொருள். ஆசிரியன் என்பதால் எனக்கு அதில் ஒரு பாசம்.

பெயரை மாற்றிக்கொள் என்று நெருக்கப்பட்ட தலைமுறையில் வளர்ந்தவர், அந்தப் பெயர்களை எல்லாம் கைகாலுக்குள் ஒளித்து நாடு நாடாகக் கொண்டுபோனார். ஜெர்மன் பிள்ளையும் சொல்கிறது, எகிப்துப் பிள்ளையும் சொல்கிறது, நம் தோட்டத்துப் பிள்ளையும் சொல்கிறது. பாட்டி கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

1965இல் அவர் தாயகம் திரும்பியபோது தேக்வாண்டோ என்ற பெயரையே தேசுதோ என்று மாற்றிவைத்திருந்தார்கள். போராடிப் பழைய பெயரை மீட்டார். 1966 மார்ச் 22ஆம் நாள் சியோலில் அனைத்துலகச் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். தொடக்க உறுப்பு நாடுகள் ஒன்பதில் மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு.

அதன் பிறகு வாழ்க்கை கசந்தது. அதிபர் பார்க் சுங் ஹீயோடு ஒத்துப்போகவில்லை. 1972இல் கனடாவுக்குப் போனார், சம்மேளனத்தையும் கூடவே கொண்டுபோனார். 1973இல் சியோலில் வேறொரு உலகச் சம்மேளனம் எழுந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக ஏறியது அந்தப் பிரிவின் முறைதான். இந்த நாட்டிலும் இரண்டு வகை இருப்பதன் காரணம் இதுவே. ஒரு பிரிவில் தூல் என்பது மறு பிரிவில் பூம்சே. பிள்ளையைச் சேர்க்குமுன் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், இடையில் மாறினால் சிரமம்.

1980இல் அவர் தம் குழுவோடு வட கொரியா சென்று கலையைக் காட்டினார். பிறந்த மண் என்றார் அவர். தெற்கே பலர் துரோகி என்றார்கள். வடக்கின் அரசு அவரைத் தன் பெருமைக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பதும் உண்மை. அங்கே கற்பித்த பிறகு தூல் ஒன்றின் பெயரையே அவ்வரசின் கொள்கைப் பெயராக மாற்றினார். பெயருக்காக வாழ்ந்தவர் செய்த அந்த மாற்றம் எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

24ஆவது தூலின் பெயர் தோங்கில். 56 அசைவுகள். இரண்டாகப் பிளந்த கொரியா ஒன்றாக வேண்டும் என்பது அதன் பொருள். 2002 ஜூன் 15ஆம் நாள், புற்றுநோயால், பியோங்யாங்கில் காலமானார். ஒருகாலத்தில் கைதியாக இருந்த அதே நகரம். அங்கேயே அடக்கம் செய்தார்கள். கொரியா அன்றும் இரண்டாகவே இருந்தது, இன்றும் அப்படியே இருக்கிறது.