ஜேம்ஸ் மடிசனும் உரிமைப் பட்டயமும்

மக்களே தம்மை ஆளத் தொடங்கியபின் அவர்தம் உரிமைக்கு ஊறு யாரால் வரும்? அரசியற்றிட்டத்திலே தனிமனிதன் உரிமைகளைப் பொறிப்பது எற்றுக்கு என மாணாக்கர் வினவுந்தோறும், அவ்வினாவுக்குத் தம் வாழ்நாளில் இருவேறு விடை கண்ட ஒருவரையே நாம் நினைக்கின்றோம். அவர் ஐக்கிய அமெரிக்க நாட்டின் 4ஆம் ஜனாதிபதியாய் விளங்கிய ஜேம்ஸ் மடிசன்.

1751இல் வேர்ஜீனியாவிலே செல்வக் குடியிற் பிறந்த மடிசன் சிறிய உடலினர், மெலிந்த குரலினர். சபையில் அவர் பேசியது செவிக்கு எட்டவில்லை எனக் குறிப்பெடுப்போர் எழுதிவைத்ததும் உண்டு. பிரின்ஸ்டனிற் கற்று மீண்ட இளைஞர், அயல் மாவட்டத்துச் சிறையிலே சமயப் போதகர் சிலர் தம் கொள்கையை வெளியிட்டமைக்காக அடைபட்டிருத்தல் அறிந்து உள்ளங் கொதித்தார். 1776இல் வேர்ஜீனியா உரிமைப் பிரகடனத்தை ஜோர்ஜ் மேசன் வரைந்தபோது, பிற சமயத்தாரைச் சகித்தல் என்னும் பொருள்பட எழுதியிருந்தார். இருபத்தைந்து வயதினரான மடிசனுக்கு அச்சொல் பொருந்தவில்லை. இன்று சகிப்பவன் நாளை சகியாதும் விடலாமன்றோ? வழிபாட்டுச் சுதந்திரம் யாவர்க்கும் ஒப்ப உரியது என்று மாற்றுவித்தார். சொல்லாராய்ச்சி வீண்வேலை என்பார் இதனை நோக்குவாராக.

இத்தகையவர், 1787இல் பிலடெல்பியாவிலே உரிமைப் பட்டயம் வேண்டும் என மேசன் கேட்டபோது அதற்குத் துணைநின்றாரல்லர். மேசன் கைச்சாத்திடாதே வீடு திரும்பினார். மடிசன் எண்ணம் இதுவாகும்: குடியாட்சியிலே அச்சம் மன்னனால் வருவதன்று, பெருந்தொகையினராலேயே வருவது, அவர் வெகுண்டெழும்போது எழுதிவைத்த உரிமை ஏட்டுச் சுரைக்காயாகும். அன்றியும், சில உரிமைகளை எண்ணிச் சொன்னால் எண்ணாதவை இல்லையென்றாகிவிடும்.

பாரிசிலிருந்த தோமஸ் ஜெபர்சன் மடலுக்கு மேல் மடல் வரைந்தார். உரிமைகள் சட்டமாய் நின்றால் அவற்றைக் காக்கும் வலிமை நீதிமன்றங்களுக்கு உண்டாகும் என்பது அவர் காட்டிய நியாயங்களுள் ஒன்று. 1789இல் மொன்ரோவை எதிர்த்துத் தேர்தலில் நின்ற மடிசன் திருத்தங் கொணர்வதாக வாக்களித்து, 336 வாக்குகளால் வென்றார். வாக்குப் பெறுதற்காக மனம் மாறினார் என்று அவரை இகழ்வாருமுளர். எனினும், தேர்தல் முடிந்தபின்னும் சொன்னதை மறவாதவர் அவர். சுங்கவரியே முதற்கருமம் என உறுப்பினர் பலர் சலித்துக்கொள்ள, அவ்வாண்டு ஜூன் 8ஆந் தேதி தம் திருத்தங்களை முன்வைத்து, எண்ணப்படாத உரிமைகளும் மக்களிடமே எஞ்சும் என்பதற்கும் ஒரு விதி சேர்த்தார். காங்கிரஸ் அனுப்பிய பன்னிரண்டனுள் பத்து, 1791 டிசெம்பர் 15இல் நிறைவேறின.

அவர் மிக விரும்பிய திருத்தமோ அவற்றுள் இல்லை. மனச்சாட்சி, அச்சுச் சுதந்திரம், யூரி விசாரணை ஆகியவற்றை மாநிலங்களும் மீறலாகாது என்ற அதனைச் செனற் சபை நீக்கிற்று. மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் 14ஆம் திருத்தம் 1868இலேதான் வந்தது.

மடிசன் 1836 ஜூன் 28இல் மொன்ற்பீலியரிலுள்ள தம் மனையிலே இறந்தார். அங்கே நூற்றுவரளவில் அடிமைகள் உழைத்தனர். மரண சாசனத்திலும் அவர்களை அவர் விடுவித்தாரல்லர். உயிர் பிரிந்த வேளை அருகிருந்த பணியாளர் போல் ஜெனிங்ஸ் என்பாரும் அடிமையே. பின்னர் விடுதலை பெற்ற ஜெனிங்ஸ் எழுதிய நினைவு நூல், அடிமைமுறை ஒழிக்கப்பட்ட 1865ஆம் ஆண்டில் அச்சேறியது. தம் பழைய எசமானரை அந்நூலில் அவர் புகழ்ந்தே எழுதியிருக்கின்றார்.