பூட்டிய கதவும் ஊரார் கண்ணும்

ராஜா ராம்மோகன் ராய் 1833 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் காலமானார். அவரது இறுதி நாள்களில் அவரைக் காணும் பேறு பெற்றவர்களுள் ஒருவர், அந்நகரத்துச் சமய போதகரின் மகளான மேரி கார்ப்பெண்டர். அப்போது அவருக்கு வயது 26. இந்தியப் பெண்கல்விக்குக் குரல் கொடுத்தவர் என்ற அளவிலேயே நம் நூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. வழிதவறிய சிறார்க்காக அவர் செய்த பணி அதனினும் பெரியது என்பது என் கருத்து.

எக்ஸெட்டர் நகரில் 1807-இல் பிறந்த மேரி, தந்தை நடத்திய பள்ளியில் ஆண்பிள்ளைகளோடு அமர்ந்து இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் பயின்றார். அக்காலப் பெண்களுக்கு எளிதில் வாய்க்காத கல்வி அது. 1846-இல், பிரிஸ்டலின் மிக வறிய பகுதியொன்றில் கந்தலுடுத்த பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். அங்கு வந்தவர்களில் சிலர் இடையிடையே காணாமற்போயினர். அவர்கள் சென்ற இடம் சிறை. ரொட்டியோ கைக்குட்டையோ திருடிய சிறுவனை முதிர்ந்த குற்றவாளிகளோடு அடைத்தால், அவன் அங்கே தொழில் கற்றுத் திரும்புவான் என்பதை மேரி கண்கூடாகக் கண்டார்.

1851-இல் சீர்திருத்தப் பள்ளிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. அவ்வாண்டு இறுதியில் பர்மிங்காமில் இதற்கென மாநாடு கூடக் காரணமாக இருந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால், பொதுமேடையில் பெண் பேசுவது தகாது எனக் கருதிய காலம். மாநாட்டில் அவர் வாய் திறக்கவில்லை. மறு ஆண்டே நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பேசுவதோடு நில்லாமல், 1852-இல் கிங்ஸ்வுட் என்ற இடத்தில் ஜான் வெஸ்லியின் பழைய பள்ளிக் கட்டடத்தில் ஓர் இல்லம் திறந்தார். சிறுமியருக்குத் தனி இல்லம் வேண்டும் என்றபோது, கவிஞர் பைரனின் மனைவி 'ரெட் லாட்ஜ்' மாளிகையை வாங்கித் தந்தார். அது 1854-இல் செயல்படத் தொடங்கியது. இளங்குற்றவாளிகளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப வழிசெய்யும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது.

அச்சட்டம் மேரி விரும்பிய வடிவில் அமையவில்லை. பள்ளிக்கு அனுப்புவதற்கு முன் சிறுவன் குறைந்தது 14 நாள்கள் சிறையில் இருந்தாக வேண்டும் என அது விதித்தது. அவர் அதை வன்மையாக எதிர்த்தார். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்வரை பிள்ளையை அடைத்துவைக்கவும் சட்டம் இடமளித்தது. சிறு திருட்டுக்குச் சிறையில் சில வாரங்கள் இருந்திருக்க வேண்டியவன், திருத்தம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டான். இதில் மேரிக்கும் பங்குண்டு என்றே சொல்ல வேண்டும். தம் நோக்கத்தின் நன்மையில் அவருக்கு இருந்த நம்பிக்கை அளவுகடந்தது. பொருளியல் படித்தவனுக்கு மற்றொன்றும் உறுத்தும். இத்தகைய பள்ளிகளுக்கு அரசு தலைக்கு இவ்வளவு என்று மானியம் அளித்தது. தலைக்கணக்கில் பணம் வரும் இடத்தில் தலைகளைக் குறைக்க நிர்வாகம் விரும்புமா?

ஆயினும் அந்த ஏற்பாட்டின் ஓர் அம்சம் போற்றத்தக்கது. இல்லத்தை நடத்துவோர் உள்ளூர்த் தன்னார்வலர். அதற்குச் சான்றளிப்பதும் அதை ஆய்வு செய்வதும் அரசு. நடத்துபவரும் கண்காணிப்பவரும் ஒருவராகவே இருக்கவில்லை.

1866-இல் தம் 59-ஆம் வயதில் மேரி இந்தியாவுக்குக் கப்பலேறினார். சென்னை உள்பட பல நகரங்களுக்குச் சென்று பள்ளிகளையும் சிறைகளையும் பார்வையிட்டார். மொத்தம் நான்கு முறை வந்தார். இறுதிப் பயணம் 1875-76-இல். இந்தியாவுக்கான சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் 1876-இல் பிறந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அவர் மறைந்தார். அச்சட்டத்தின் வழியே செங்கல்பட்டில் 1887-இல் தோன்றிய பள்ளியை அவர் காணவில்லை.

அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு வியப்பே மேலிடுகிறது. பள்ளிக்குக் கண்காணிப்பாளரை நியமித்தால், குறைந்தது ஐவர் கொண்ட பார்வையாளர் குழுவையும் அமைக்க வேண்டும். அவர்களில் இருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மாதந்தோறும் ஓர் உறுப்பினரேனும் சென்று பிள்ளைகளின் குறைகளைக் கேட்க வேண்டும். தண்டனைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பாக எவரும் அடைபட்டிருக்கவில்லை என உறுதிசெய்ய வேண்டும். அந்நிய ஆட்சி எழுதிவைத்த விதி இது.

2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் இதில் குறை வைக்கவில்லை. ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளரும் கொண்ட நீதிக் குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லங்களைப் பார்வையிட வேண்டும். ஆய்வுக் குழுவினர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது செல்ல வேண்டும். செல்லும் மூவரில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அலுவலராகவும் இருத்தல் அவசியம். இவ்வளவு விதிகளுக்குப் பின்னரும், அதே செங்கல்பட்டில் உள்ள அரசு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் இறுதியில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு, 2023-இல் தன் அறிக்கையை அளித்தது.

எங்கள் புதுச்சேரியின் நிலை வேறொரு வகையில் கவலை தருகிறது. மேரியின் காலத்தில் இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. அச்சட்டங்கள் எங்களைத் தொடவில்லை. இன்று மத்தியச் சட்டம் முழுமையாகப் பொருந்துகிறது, ஊரார்தாம் இல்லை. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவை ஊராட்சித் தலைவர் தலைமையில் அமைப்பது மத்திய அரசு வகுத்த முறை. புதுச்சேரியிலோ 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை. எங்கள் செலியமேடு அடங்கிய பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தை அதிகாரிகளே நிர்வகிக்கின்றனர். இவ்வூர்ச் சிறுவன் ஒருவன் நாளை இல்லத்தில் அடைக்கப்பட்டால், அவனைப் போய்ப் பார்த்துவர ஊர் அனுப்பும் உரிமையுள்ள ஆள் யார்?

உள்ளாட்சித் தேர்தலை நடத்த வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இருக்க இயலாது. அதுவரை அரசு செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஆய்வுக் குழுக்களில் சமூகப் பணியாளர்களுக்கும் தன்னார்வ அமைப்பினருக்கும் இடமிருக்கிறது. வில்லியனூர், பாகூர் பகுதிகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியரும் எத்தனையோ பேர் உள்ளனர். அவர்களிலிருந்து கொம்யூனுக்கு இருவரையேனும் தேர்ந்து நியமித்து, அவர்கள் எந்த மாதம் சென்றனர், எந்தப் பதிவேட்டைப் பார்த்தனர் என்பதை, பிள்ளைகளின் பெயர் நீக்கி அரசு வெளியிடலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. செலவும் பேருந்துக் கட்டணத்தை மிஞ்சாது.