வெளிச்சத்தை வரைந்தவருக்குக் கண் மங்கினால்? மோனேவின் கதை

வெளிச்சம்தான் கிளாட் மோனேவின் தொழில். கடைசியில் கைவிடப் பார்த்ததோ கண்கள்!

1840-ல் பாரிஸில் பிறந்தவர், லே ஹாவ்ர் துறைமுக ஊரில் வளர்ந்தார். பதின்ம வயதிலேயே கேலிச்சித்திரம் வரைந்து காசு பார்த்தார். வெட்டவெளியில் உட்கார்ந்து வரையப் பழக்கியவர் ஓவியர் யூஜின் பூதான்.

அப்போது டியூபில் அடைத்த பெயின்ட் கடைக்கு வந்துவிட்டது. பையில் போட்டுக்கிட்டு எங்கே வேண்டுமானாலும் கிளம்பலாம். மோனே கிளம்பினார். ஒரே வைக்கோல் போரைக் காலை, மாலை, பனிக்காலம் எனத் திரும்பத் திரும்ப வரைந்தார். வெயில் மாறினால் கேன்வாஸையும் மாத்திடுவார்.

1883-ல் ஜிவெர்னி கிராமத்தில் குடியேறினார். பிறகு, வீட்டருகே குளம் வெட்டி அல்லி வளர்த்தார். அந்தக் குளத்தை வைத்தே சுமார் 250 ஓவியங்கள்!

1912-ல் கண்புரை இருப்பது தெரிந்தது. நிறங்கள் மங்கின. டியூபில் இருந்த பெயரைப் பார்த்து வண்ணம் எடுத்தார். ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டவர், 1923-ல்தான் சம்மதித்தார். ஆனால், தூரிகையை ஒரேயடியாகக் கைவிட்டுவிடவில்லை.

1926 டிசம்பரில், 86 வயதில் இறந்தார். நாட்டுக்கு அவர் கொடுத்த பிரம்மாண்ட அல்லி ஓவியங்கள், மறு வருஷம் பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வந்தன. பெரும்பாலும் கண் மங்கிய காலத்தில், வீட்டுக் குளத்தை வைத்து வளர்ந்தவை அவை.