பறவையியற் பேரறிஞர் சாலிம் அலி

சேர்வராயன் மலையில் மாரமங்கலம் பகுதியின் காப்பித் தோட்டங்களுள் சற்று நேரம் அமைதியாக நின்று நோக்குவோர் ஓர் உண்மையை உணர்வர். ஓங்கிய மரங்கள் நிழல் தருகின்றன. அவற்றைப் பற்றி மிளகுக் கொடி ஏறுகிறது. நிழலின்கீழ்க் காப்பிச் செடி தழைக்கிறது. உதிர்ந்த சருகு மட்கி, மீண்டும் வேருக்கே உணவாகிறது. பழம் உண்ட பறவை விதையைப் பிறிதோரிடத்தில் கொண்டுசென்று இடுகிறது. உயிர்கள் தம்முள்ளும், தாம் வாழும் நிலம், நீர், காற்று ஆகியவற்றோடும் கொண்டுள்ள இத்தகைய உறவினை ஆராயும் துறையே சூழலியல். மரத்தையும் புள்ளையும் விலங்கையும் மாந்தர் தொழிலையும் நிலத்தின் கருப்பொருளாக வகுத்த தமிழ் மரபினர்க்கு இக்கருத்துப் புதியதன்று. எறும்பு, தேனீ, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் அத்தியாயங்களைக் கொண்ட திருமறையை ஓதுவோர்க்கும் புதியதன்று. இதனை இந்தியக் காடுகளிலும் வயல்களிலும் கண்ணாரக் கண்டு எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் டாக்டர் சாலிம் அலி.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்த அவர், மூன்று வயது நிரம்பும் காலத்திற்குள் தந்தையையும் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி அவர்களின் இல்லமே அவரை வளர்த்தது. சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து மாமனிடம் காட்ட, அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கச் செயலர் மில்லர்டு என்பாரிடம் அனுப்பி வைத்தார். அங்கே பதப்படுத்தப்பட்ட பறவைகள் நிறைந்த பேழைகளைக் கண்ட நாளே அவர் வாழ்வின் திசையை முடிவு செய்தது.

கல்லூரிக் கல்வி இடையில் நின்றது. பர்மாவில் சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் சில ஆண்டுகள் கழிந்தன. 1918-இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் பறவையியல் பதவியொன்று கைநழுவிற்று. பட்டங்களைக் கொண்டே ஆளை அளந்து பழகிய நம் போன்ற ஆசிரியர்க்கு இச்செய்தி சற்று உறுத்தவே செய்கிறது. பின்னர் அருங்காட்சியகத்தில் கிடைத்த வழிகாட்டி விரிவுரையாளர் பணியிலிருந்து விடுப்பெடுத்து, பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்டிரேசமன் அவர்களிடம் பயின்றார்.

அக்காலத்தில்தான் வெர்னே என்பவரின் பொருளுதவியால் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பறவைகள் திரட்டப்பட்டன. நம் சேர்வராயன் மலையும் அதில் இடம்பெற்றது. சுட்ட பறவையின் தோலைப் பதப்படுத்தி, அளந்து, பெயர்ச்சீட்டுக் கட்டி வைப்பதே அந்நாளைய பறவையியலின் முதன்மைப் பணியாக இருந்தது. சாலிம் அலியும் அதன்பொருட்டுத் துப்பாக்கி ஏந்தியவரே. இதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை.

1930-இல் தாயகம் திரும்பியபோது, நிதியின்மையால் அவர் வகித்த பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேலையிழந்த அவர் மனைவியோடு பம்பாயை அடுத்த கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. நாள்தோறும் பொறுமையாக நோக்கியதில், அதுவரை அறியப்படாத அவற்றின் வாழ்க்கை முறை விளங்கிற்று. ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து ஆராய்ந்து ஏற்றுக்கொண்டால்தான் பணி நிறைவுறுகிறது. அவள் முட்டையிட்டு அமர்ந்ததும், ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு துணையை நாடுகிறது. வேலையின்மை தந்த ஓய்வில் விளைந்த இந்த ஆய்வே அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

அதே காலத்தில் கொங்கணப் பகுதியில் புல்லுருவியையும் ஆராய்ந்தார். தேன்சிட்டு அதன் பூவில் தேனுண்டு மகரந்தத்தைப் பரப்புகிறது. மலர்கொத்தி அதன் கனியை விழுங்கிப் பசையுள்ள விதையைக் கிளையில் இடுகிறது. அங்கே புதுப் புல்லுருவி முளைத்து மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. பறவைக்கு நன்மை, புல்லுருவிக்கு வாழ்வு, மரத்திற்கு இழப்பு. இம்மூன்றையும் ஒருங்கே காண்பதே சூழலியல் நோக்கு.

பின்னர் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய்ந்தார். கூடார வாழ்வின் இன்னல்களை உடன் ஏற்ற தெஹ்மினா அம்மையார் 1939-இல் மறைந்தார். அத்துயரிலும் பணி நிற்கவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளியாயின.

பெரியோர் வாழ்விலும் பிழை நேர்வதுண்டு. பரத்பூர்ப் பறவைப் புகலிடத்தைக் காக்கப் பெரிதும் பாடுபட்ட அவர், அங்கே கால்நடை மேய்ச்சல் தீங்கு என்றே கருதினார். 1982-இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. அதனை எதிர்த்த ஊர்மக்களுள் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். தடைக்குப்பின் எருமைகள் தின்றுவந்த புல் நீர்நிலைகளில் மண்டிற்று; நீர்ப்பறவைகள் குறைந்தன. இதனை வெளிப்படுத்தியது அவர் வளர்த்த சங்கமே நடத்திய நீண்ட ஆய்வுதான். எருமையும் அதனை மேய்த்தவரும் அச்சூழலின் உறுப்புகளாகவே இருந்திருக்கின்றனர்.

1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987 சூன் 20 அன்று இறையடி சேர்ந்தார். 1990-இல் கோவைக்கு அருகே ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. அதுவரை செல்ல இயலாத மாணவர், மாரமங்கலத்தில் புல்லுருவி படர்ந்த ஒரு கிளையின்கீழ்க் காலைப்பொழுதில் காத்திருக்கலாம். கட்டைவிரல் அளவே உள்ள மலர்கொத்தி அங்கே வரக்கூடும்.